சாரம் பிரிக்கும் நாள்

போன மாதம் ஒரு பல் அடைக்கப் போயிருந்தேன். நாற்பத்தாறு வயதில் கடைவாய்ப் பல்லில் ஒரு பொத்தல். டாக்டரம்மா வெள்ளைப் பசை ஒன்றை வைத்து அடைத்தார். பேனா மாதிரி ஒரு கருவியை வாய்க்குள் விட்டு நீல வெளிச்சம் அடித்தார். இருபது எண்ணுவதற்குள் பசை கல்லாகிவிட்டது. துணைக்கு வந்திருந்த மகள் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ராமமூர்த்தி நகருக்குத் திரும்பும் ஆட்டோவில் கேட்டாள்:

"அப்பா, உங்க பல்லுல அடிச்ச லைட்டும் என் கண்ணுல அடிச்ச லைட்டும் ஒண்ணா?"

நான் படித்தது பி.காம். அதுவும் கடைசி பெஞ்ச். டெபிட் எது, கிரெடிட் எது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். கெமிஸ்ட்ரியெல்லாம் பத்தாவதோடு சரி. ஆனால் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் கொஞ்சம் பதில் இருந்தது. சில வருடங்களாக இதைத்தான் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பேங்க் ஆபீசருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். அதில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி கலந்திருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

2022ல் மகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி பவர் மாறிக்கொண்டே இருந்தது. "எல்லாம் அந்த மொபைலால வர்றது" என்று நான் தீர்ப்புச் சொல்லி போனைப் பிடுங்கி வைத்தேன். கடைசியில் ஒரு கண் டாக்டர் கார்னியாவை மேப் எடுத்துப் பார்த்து, கெரட்டோகோனஸ் என்றார். கார்னியா என்பது கண்ணின் முன்னால் இருக்கிற கண்ணாடி மாதிரியான படலம். கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அது மெலிந்து, தொய்ந்து, கூம்பு மாதிரி முன்னால் புடைத்துக்கொண்டு வருவதுதான் இந்த நோய். மொபைலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அலர்ஜி வந்து கண்ணை ஓயாமல் கசக்குவது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்றார். பெங்களூர் தூசியில் அவள் கசக்காத நாளே கிடையாது. அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதும் கிடையாது.

"இப்படியே விட்டா ஒரு கட்டத்துல கார்னியா மாத்த வேண்டி வரலாம். இப்போ நிறுத்திடலாம்" என்றார் டாக்டர். அந்த நிறுத்துகிற வேலைக்குப் பெயர் கிராஸ்லிங்கிங். கண்ணில் ரைபோஃப்ளேவின் சொட்டு விடுகிறார்கள். வேறொன்றுமில்லை, வைட்டமின் பி2. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் மஞ்சளாகப் போகுமே, அதே மஞ்சள்தான். பிறகு புற ஊதாக் கதிரை அளவாக அடிக்கிறார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் உருவாகி, 2003ல் நோயாளிகளிடம் கிடைத்த முடிவுகளை வெளியிட்ட முறை இது. ஆரம்ப முறைப்படி அரை மணி நேரம் வெளிச்சம். அமெரிக்காவில் 2016ல்தான் அனுமதி கிடைத்தது.

தொய்ந்த கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு அறவில்லை, ஆனால் நடுவில் குழி விழுந்துவிட்டது. குறுக்கே இன்னும் நாலு கயிறு இழுத்துக் கட்டினால் மேற்கொண்டு தொய்யாது. கார்னியாவில் அந்தக் கயிறு கொலாஜன் என்கிற நார்ப் புரதம். வெளிச்சம் பட்டதும் வைட்டமின் தூண்டிவிட்டு, நாருக்கும் நாருக்கும் இடையில் புது முடிச்சு விழுகிறது. இழந்த பார்வை முழுசாகத் திரும்பாது. பெரும்பாலானவர்களுக்கு மேலே மோசமாவது நின்றுவிடும். என் மகளுக்கு நின்றது.

தியேட்டருக்கு வெளியே அந்த அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்த ஃபைல் ஞாபகம் வந்தது.

2019ல் மூன்று சின்னப் பிள்ளைகள் லோன் கேட்டு என் பிராஞ்சுக்கு வந்தார்கள். ஒருவன் பையிலிருந்து சின்னக் கண்ணாடி சீசா ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தான். உள்ளே ஏதோ திரவம், இளநீர் வழுக்கையை அரைத்து விட்ட மாதிரி. ஒரு டார்ச்சை அடித்தான். கொஞ்ச நேரத்தில் சீசாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு விழவில்லை. "உடம்புக்குள்ள காயம் இருக்கிற இடத்துல இதை ஊத்தி லைட் அடிச்சா, அந்த இடத்தோட வடிவத்துக்கே இறுகிடும் சார். செல்லு இதைப் பிடிச்சுக்கிட்டு வளரும். வளர்ந்த பிறகு இது கரைஞ்சு போயிடும்" என்றான்.

நான் கேட்டேன்: "கரைஞ்சு போற பொருளை வச்சு எப்படிப்பா நான் லோன் குடுக்கிறது?"

கேபினில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளைகளும் மரியாதைக்குச் சிரித்தார்கள். ஃபைல் திரும்பிப் போனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சீசாவில் இருந்தது என்ன?

ஆட்டுக்கால் சூப்பை ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள் (சைவக்காரர்கள் மன்னிக்க). கெட்டியாக, தொட்டால் ஆடும். அதுதான் ஜெலட்டின், எலும்பிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் வெந்து இறங்கியது. உடம்பின் செல்களுக்கு இது பழகின இடம், ஒட்டிக்கொள்ளும். ஆனால் அடுப்பில் வைத்தால் சூப் பழையபடி உருகிவிடுகிற மாதிரி, உடம்புச் சூட்டுக்கே இதுவும் உருகிவிடும். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 2000ல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். ஜெலட்டின் சங்கிலியில் ஆங்காங்கே மெத்தாக்ரிலேட் என்கிற கொக்கிகளை மாட்டிவிட்டார்கள். கூடவே வெளிச்சத்தைக் குடித்துத் தூண்டிவிடும் ஒரு பொருளைக் கொஞ்சம் கலந்தால், வெளிச்சம் பட்டதும் கொக்கியும் கொக்கியும் கோத்துக்கொள்ளும். அப்புறம் உடம்புச் சூட்டில் உருகாது. இன்றைக்கு உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் ஓடுகிற ஜெல்மா இதுதான்.

தூண்டிவிடும் பொருளில் ஒன்றைப் பற்றிப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேம்ஃபர்குயினோன். பேரிலேயே இருக்கிறது பாருங்கள், கேம்ஃபர், அதாவது நம் சாமி சூடம். சூடத்திலிருந்து செய்யும் மஞ்சள் பொடி. நீல வெளிச்சத்தைக் குடிக்கும். பல் அடைக்கும் பசைகளில் பரவலாக இருப்பது இதுதான். என் கடைவாயில் சூடத்தின் பேரப்பிள்ளை இருக்கலாம் என்று சொன்னதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

எதற்கு வெளிச்சம், சூடு பண்ணி இறுக வைத்தால் ஆகாதா? சூட்டில் செல் செத்துவிடும். வெளிச்சம் என்றால் சுவிட்ச் நம் கையில். திரவமாக ஊற்றலாம், எந்தக் கோணல் பள்ளத்திலும் போய் நிரம்பும். வேண்டிய இடத்தில், வேண்டிய நொடியில் இறுக வைக்கலாம். வெளிச்சம் படாத இடம் திரவமாகவே இருக்கும், கழுவிவிடலாம். அதனால் புரொஜெக்டர் வைத்துப் படம் காட்டுகிற மாதிரி ஒவ்வொரு அடுக்காக இறுக வைத்து, உள்ளே ஓட்டையும் பாதையும் உள்ள கூட்டைக்கூடக் கட்டலாம். கஷ்டமும் உண்டு. வெளிச்சம் ரொம்ப ஆழம் போகாது. புற ஊதாக் கதிர் அதிகமானால் செல்லின் மரபணுவே சேதப்படும். அதனால்தான் நீலம், பச்சை என்று கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தில் இறுகும் கலவைகளைத் தேடிப் போகிறார்கள்.

இப்படிச் செல் குடியேறுவதற்காகக் கட்டும் கூட்டுக்கு ஆங்கிலத்தில் அவர்கள் வைத்திருக்கும் பெயர், கட்டடம் கட்டும்போது நாம் கட்டுகிறோமே, அந்தச் சாரம். எலி முதுகில் மனிதக் காது முளைத்த மாதிரி ஒரு படம் பார்த்திருப்பீர்களே, 1997ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அது காதே இல்லை. காது வடிவத்தில் மக்கும் பாலிமர் சாரம் கட்டி, அதில் மாட்டின் குருத்தெலும்புச் செல்லைக் குடியேற்றி, எலியின் தோலுக்கடியில் வைத்தார்கள். அதில் வெளிச்ச வேலை கிடையாது. ஆனால் சாரம் என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல படம் இல்லை.

இறுக வைப்பது பாதி வேலைதான். கரைய வைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இந்த இடத்தில் எனக்கு எங்கள் அப்பாவின் வீடு ஞாபகம் வரும்.

1991ல் கோவில்பட்டியில் அப்பா வீடு கட்டினார். எனக்குப் பன்னிரண்டு வயது. ஜன்னல் சன்ஷேடுக்குக் கான்கிரீட் போட்டு, முட்டுக் கொடுத்திருந்தது. பலகைக்கும் கம்புக்கும் நாள் வாடகை. கொத்தனார், "அண்ணாச்சி, இன்னும் அஞ்சு நாள் போகட்டும்" என்றார். அப்பா, "அஞ்சு நாள் வாடகையை நீயா குடுப்ப?" என்று பிரிக்கச் சொல்லிவிட்டார். கடைசி முட்டை உருவியதும் சன்ஷேடு மடங்கி, கீழே நின்றிருந்த அப்பாவின் சைக்கிள் மேல் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா ரொம்ப நேரம் அந்தச் சைக்கிளைப் பார்த்தபடி நின்றிருந்தார். அதற்காக முட்டைப் பிரிக்காமலே விட்டுவிடவும் முடியாது. வீட்டுக்குள் நடக்க வழியிருக்காது, கறையான்தான் குடிவரும்.

உடம்பிலும் அதே கதைதான். சாரம் சீக்கிரம் கரைந்தால் புதுத் திசு நிற்காது. கரையாமல் கிடந்தால் அது வளர இடம் விடாது. உடம்புக்குள் கொத்தனாரும் கிடையாது, திரும்ப ஒருமுறை திறந்து பிரிக்கவும் முடியாது. அதனால் எப்போது கரையணும் என்பதைக் கட்டும்போதே உள்ளே எழுதி வைத்துவிட வேண்டும்.

அந்த எழுத்துக்குப் பல வழி இருக்கிறது. பாலிலாக்டிக் அமிலம் என்றொரு பாலிமர். தண்ணீர் பட்டால் அதன் கண்ணிகள் மெல்ல மெல்ல அறுந்து லாக்டிக் அமிலமாகும், அதாவது தயிரின் புளிப்பு. உடம்புக்குத் தெரிந்த பொருள், வெளியேற்றிவிடும். அதோடு கிளைகாலிக் அமிலத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் சீக்கிரம் கரையும். 1970களிலிருந்து டாக்டர்கள் போடும் கரையும் தையல் இந்தக் குடும்பம்தான். ஜெல்மாவில் கதையே வேறு. குடியேறிய செல்களே நொதி சுரந்து, ஜெலட்டினை அறுத்து, தனக்கு வழி பண்ணிக்கொண்டு நகரும். குடிவந்தவரே சாரத்தைப் பிரித்துக்கொள்கிறார்! கொக்கிகள் அதிகம் கோத்தால் கெட்டி, மெதுவாகக் கரையும், ஆனால் செல் நுழைய இடுக்கு இருக்காது. குறைவாகக் கோத்தால் நேர் எதிர். எவ்வளவு நேரம் வெளிச்சம் அடிக்கிறோம் என்பதிலும் இந்தக் கணக்கு மாறும்.

இதில் நம்மூர் ஆட்கள் பேரும் உண்டு. அமர்ப்ரீத் சாஹ்னி டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு டெக்சாஸ் போனவர். 1993ல் அவரும் சந்திரசேகர் பாதக், ஜெஃப்ரி ஹப்பெல் ஆகியோரும் ஒரு பாலிமரைப் பற்றி எழுதினார்கள். நடுவில் தண்ணீருக்குப் பிரியமான பாலிஎத்திலீன் கிளைகால், ரெண்டு பக்கமும் தண்ணீரில் அறுந்துபோகும் கண்ணி, நுனியில் வெளிச்சம் பட்டால் கோத்துக்கொள்ளும் கொக்கி. இந்த வழியில் வந்த ஃபோகல்சீல் என்ற பூச்சு, நுரையீரல் ஆபரேஷனுக்குப் பிறகு காற்றுக் கசிவை அடைக்க 2000ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. அது செல் வளர்க்கும் சாரம் இல்லை, கசிவை அடைக்கும் பூச்சு. ஆனால் வெளிச்சத்தில் இறுகி, உடம்பில் கரைந்து போகிற பொருளை மனிதருக்குள் வைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

எங்கள் பெங்களூரிலும் நடக்கிறது. ஐ.ஐ.எஸ்.சி.யை இன்னும் நிறைய பேர் டாடா இன்ஸ்டிட்யூட் என்றுதான் சொல்வார்கள். அங்கே மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் துறையில் கௌஷிக் சாட்டர்ஜியின் குழு மக்கும் பாலிமர்களிலும் திசுச் சாரங்களிலும் வருடக்கணக்காக வேலை செய்கிறது. அதே வளாகத்திலிருந்து வந்த துஹின் பௌமிக்கும் அருண் சந்துருவும் 2011ல் பாண்டோரம் டெக்னாலஜிஸ் ஆரம்பித்தார்கள். 2015ல் முப்பரிமாண முறையில் மனிதக் கல்லீரல் திசு மாதிரியை அச்சிட்டதாக அறிவித்தார்கள். பிறகு ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையோடு சேர்ந்து, கார்னியா காயத்தில் வைத்து ஒளியால் இறுக வைக்கும் குராஜெல் என்ற கூழில் இறங்கினார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்த ரெசா டானாவின் குழு 2019ல் ஜெலட்டின் கூழை முயல் கார்னியாவில் வைத்து, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தால் இறுக வைத்து, தையலே இல்லாமல் காயத்தை அடைத்துக் காட்டியது. 2022 ஆகஸ்டில் எல்.வி.பிரசாத், ஐ.ஐ.டி. ஹைதராபாத், சி.சி.எம்.பி. மூன்றும் சேர்ந்து, மனிதக் கார்னியாவிலிருந்தே எடுத்த பொருளால் ஒரு கார்னியாவை அச்சிட்டு முயலுக்கு வைத்தார்கள். என் மகள் தியேட்டரிலிருந்து வந்த அதே வருடம்.

முயலிலிருந்து மனிதருக்கு வரும் தூரம்தான் பெரிசு. இங்கேதான் என் ஃபைல் வருகிறது. (அந்தப் பிள்ளைகள் மேலே சொன்ன யாரும் இல்லை. கஸ்டமர் பேர் சொல்வது எங்கள் தொழிலுக்கு அழகில்லை.)

நியாயமாகச் சொன்னால் நான் லோன் கொடுக்காதது தப்பில்லை. பேங்கில் இருப்பது யாரோ ஒரு ரிட்டயர்டு வாத்தியாரின் டெபாசிட். தவணை தொண்ணூறு நாளுக்கு மேல் நின்றால் அது வாராக் கடன். பத்து வருடம் கழித்து வரலாம், வராமலும் போகலாம் என்கிற பொருளுக்கு அந்தப் பணம் பொருந்தாது. இன்றைக்கு வந்தாலும் அதே திட்டத்தில் முடியாது என்றுதான் சொல்வேன். அதற்கு மானியம் வேண்டும். மத்திய அரசு 2012ல் ஆரம்பித்த பைராக் என்ற அமைப்பு, ஆரம்பக் கட்ட யோசனைக்கு 50 லட்சம் ரூபாய் வரை, பதினெட்டு மாதத்துக்குத் தருகிறது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சியும் செய்யவில்லை. ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதற்குப் பதிலாக ஒரு ஜோக் அடித்தேன்.

அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். சீசாவைக் கவிழ்த்துக் காட்டிய பையன் சாஃப்ட்வேருக்குப் போய்விட்டானாம். பதினெட்டு மாத மானியம் கிடைத்திருந்தாலும், அதற்குப் பிறகு வரும் விலங்குச் சோதனை, மனிதச் சோதனை, அனுமதி என்று நீளும் வருடங்களுக்கு யார் முட்டுக் கொடுத்திருப்பார்கள் என்று தெரியவில்லை. ஜெல்லுக்குள் கரையும் நாளை எழுதி வைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் அந்த நாளை எப்படிக் குறிப்பது என்றுதான் எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. சாரம் பிரிக்கிற தேதியை வாடகை கொடுக்கிறவன் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதைப் பன்னிரண்டு வயதிலேயே பார்த்தவன் நான்.

மகளுக்குச் சொன்ன பதில் இதுதான்: "ரெண்டு லைட்டும் வேற வேற, ஆனா செய்ற வேலை ஒண்ணு, கோத்து விடறது. என் பல்லுல கோத்தது கரையாத பிளாஸ்டிக். உன் கண்ணுல கோத்தது உன்னோட சொந்த நார். மூணாவதா, கோத்துட்டு, வேலை முடிஞ்சதும் கரைஞ்சு போற ஒண்ணும் இருக்கு. அது இன்னும் வந்து சேரல."

வந்து சேரும் வரைக்கும் நாம் செய்ய வேண்டியது ரெண்டு. பிள்ளைகள் கண்ணைக் கசக்கினால் விடாதீர்கள், அலர்ஜிக்கு மருந்து வாங்கிக் கொடுங்கள். பவர் அடிக்கடி மாறினால் கார்னியா மேப் ஒன்று எடுத்துப் பாருங்கள். ரெண்டாவது, கண் தானம். இன்றைக்கும் கார்னியா மாற்ற வேண்டியவர்களுக்குப் பெரும்பாலும் இன்னொரு மனிதர் கொடுத்தால்தான் உண்டு. வயதானாலும், கண்ணாடி போட்டிருந்தாலும், கேட்டராக்ட் ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் கொடுக்கலாம். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். 2018ல் அப்பா போன அன்றைக்கு எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்:

"யய்யா, என் கண்ணையும் குடுத்துருங்க. உன் தங்கச்சிகிட்ட சொல்லி வைக்கேன். ஆறு மணி நேரம்னு சொல்லுதியே, நீ வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்னும் சொல்லிருதேன்."

மடிவாளாவில் பஸ் ஏறினால் கோவில்பட்டிக்குப் பத்து மணி நேரம். அம்மா கணக்கு சரிதான்.